கோழிப்பண்ணைச் சுவர்

உலகத்தில் இதுவரை ஸ்டியரிங் பிடித்த ஆட்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசை குட்மேய்ஸ் ஸ்டேஷனில் தொடங்கி நிலாவுக்குப் போய், அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வரும். அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கிற தகுதி மெற்றில்டா அன்ரிக்கு மட்டும்தான் இருக்கிறது. வளைவில் அவரை முந்தினவர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும், தாய் பயந்துபோய் அந்தப் பிள்ளைக்கு மூன்று சில்லுச் சைக்கிள்கூட வாங்கிக் கொடுக்கமாட்டா. அன்ரி கடைசி வளைவுக்கு வந்தால் பூமியே ஒருக்கால் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "நீங்கள் போங்கோ அன்ரி, நான் பிறகு சுத்துறன்" என்று ஒதுங்கி நிற்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அன்ரி உண்மையான காரை ஒருநாளும் ஓட்டினதில்லை. லைசென்சும் இல்லை. இல்ஃபோர்டுக்குப் போவதென்றாலும் பஸ்தான். அந்த பஸ் ஒரு வளைவில் திரும்பினால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவார். அன்ரி ஓடினதெல்லாம் டிவிக்குள்ளேதான்.

அது குட்டிக் கார்களை வைத்துப் பந்தயம் ஓடுகிற ஒரு விளையாட்டு. சில வருஷத்துக்கு ஒருக்கால் புதிசு என்று சொல்லி அடுத்த பதிப்பை விடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ட்ராக்குகளில் பாதி பழையதுதான். தூசு தட்டி, புதுப் பெயின்ட் அடித்து, இரண்டு மரம் நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ட்ராக்குக்கும் வாய்க்குள் நுழையாத நீளத்தில் ஒரு இங்கிலீஷ் பேர் இருந்தது. அன்ரி வீட்டில் அதை ஒருவரும் சொன்னதில்லை. அங்கே ஐஸ் மலை, பேய்க்கிணறு, கப்பல் பாலம், கோழிப்பண்ணை என்றுதான் பேர். அதில் கோழிப்பண்ணை மட்டும் நாலு பதிப்பிலும் தவறாமல் வந்தது. குளம், வைக்கோல் பட்டறை, ரோட்டைக் குறுக்கே கடக்கும் பதினொரு வெள்ளைக் கோழி, பிறகு வளைவில் ஒரு கல்சுவர், அந்தச் சுவரில் ஒரு பெரிய சேவலின் படம். அவ்வளவுதான் ட்ராக்.

அன்ரியின் கதை முழுக்கக் கம்சிகாவுக்குப் பாடம். அவளுக்குப் பதினேழு வயது. இரண்டு வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும் அன்ரிதான் பகலில் அவளைப் பார்த்துக்கொண்டார். அன்ரியின் தொழில் அதுதான். வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மாரின் பிள்ளைகளை, கவுன்சிலில் பதிந்து, தன் வீட்டில் வைத்துப் பார்ப்பது. பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள்ளால் போன பிள்ளைகள் முப்பத்தியாறு பேர். கம்சிகா முப்பத்தியாறாவது. கடைக்குட்டி. சோறு ஊட்டும்போதெல்லாம் அன்ரி அவளுக்கு முதலாம் பிள்ளைகளின், அதாவது முதல் வந்த எட்டுப் பேரின், கதையைத்தான் தீத்தினார். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

முதல் வீடு அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு புடவைக்கடைக்கு மேல் இருந்த ஃபிளாட். அறை இரண்டு, பிள்ளைகள் எட்டு. பக்கத்து அறையில் யேசுரட்ணம் அங்கிள் நித்திரை. அங்கிள் அன்ரியின் புருஷன். பாண் தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் மாவு வாசத்தோடு வந்து படுத்தால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்புவார். ஒரு பிள்ளையின் தகப்பன், வீட்டில் புதிசு வந்துவிட்டதென்று பழைய விளையாட்டுப் பெட்டியை இரண்டு கொன்ட்ரோலரோடு கொண்டுவந்து தந்தபோது அன்ரி ஒரேயொரு சட்டம் போட்டார்.

"சத்தம் பூச்சியம். அங்கிள் எழும்பினால் பெட்டி ஜன்னலாலை போகும்."

டிவியின் சத்தம் நிறுத்தப்பட்டது. எட்டுப் பிள்ளைகளும் சத்தமே இல்லாத ட்ராக்குகளில் ஓடப் பழகினார்கள். வெளியே மற்றப் பிள்ளைகளுக்கு ஐஸ் மலை என்றால் மேளமும் மணியும். இவர்களுக்கு அன்ரி வாயால் மெல்லமாகப் போட்ட "ட்ர்ர்ர்ர்". முந்தினால் கத்தவேண்டும், ஆனால் கத்தக்கூடாது. அதனால் அந்த வீட்டில் ஒரு புதுவிதக் கத்தல் உண்டானது. கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, வாயை முழுதாகத் திறந்து, கிசுகிசுத்துக் கத்துவது. புதிதாக வருகிற ஆள் அதைப் பார்த்தால் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் தொண்டையில் மீன்முள் சிக்கிவிட்டது என்று நினைப்பார்.

ஒருநாள் கவுன்சிலில் இருந்து ஒரு மனுஷி பார்வையிட வந்தா. கையில் ஃபோர்ம், கழுத்தில் அட்டை. எட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனா.

"இது என்ன பாடம்?" என்று இங்கிலீஷில் கேட்டா.

"கணக்குப் பாடம்," என்றார் அன்ரி. "மூன்று சுற்று, எட்டுப் பேர், இரண்டு கொன்ட்ரோலர். பிரிக்கவேணும்."

அந்த மனுஷியின் கையில் சுஜீத் ஒரு கொன்ட்ரோலரைத் திணித்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. கோழிப்பண்ணையில் அவ மூன்று தரம் குளத்துக்குள் போனா. நாலாவது தரம் போனபோது, தன்னை அறியாமல், அவவும் கிசுகிசுத்துக் கத்தினா. ஃபோர்மில் 'பிள்ளைகள் அமைதியாகவும் ஈடுபாட்டோடும் இருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டுப் போனாவாம்.

சுஜீத். அந்தப் பேர் வந்தால் அன்ரியின் கதை கொஞ்சம் மெதுவாகும்.

அவனுடைய தாய்க்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட், தகப்பனுக்கு வேறு ஊரில் வேலை. மூன்று வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும் காலையில் முதலில் வருவதும் அவன், கடைசியில் போவதும் அவன். அன்ரிக்கும் அங்கிளுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, சுஜீத்துக்கு மட்டும் தனியாக ஒரு தலையணை இருந்தது. நீலக் கார்தான் எடுப்பான். ஐஸ் மலையில் உள்பக்கமாக ஒட்டிப் போவான். அன்ரியைக் கோழிப்பண்ணையில் ஒரேயொரு ஆள்தான் வென்றிருக்கிறார் என்றால் அது அவன்தான். பிறகு குடும்பத்தோடு லெஸ்டருக்குப் போய்விட்டான். முதல் இரண்டு வருஷமும் நத்தாருக்கு வந்தான். மூன்றாம் வருஷம் கிறிஸ்மஸ் கார்ட் மட்டும் வந்தது. பிறகு கார்டும் வரவில்லை.

அதற்குள் அன்ரியும் அங்கிளும் குட்மேய்ஸுக்கு வீடு மாறினார்கள். சுவரில் முதலாம் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக ஏறின. கடைசியில் வந்த பிள்ளைகளின் படம் ஒன்றும் சுவரில் இல்லை. கம்சிகா வந்த காலத்தில் படங்கள் ஃபோனுக்குள் குடியேறிவிட்டன என்பதுதான் காரணம். காரணம் தெரிந்திருந்தாலும் கம்சிகா அந்தச் சுவரைக் கடக்கும்போது எப்போதும் கொஞ்சம் வேகமாகக் கடப்பாள். ஒருமுறை சுஜீத்தின் படத்துக்குப் பேனாவால் மீசை வைத்தாள். அன்ரி கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்தது. கண்டுபிடித்து, அழிக்காமல் விட்டார். "இப்ப உண்மையிலையே மீசை வந்திருக்கும்தானே," என்றார்.

கம்சிகா பழகினது மூன்றாவது பதிப்பில். அவளுக்கு முந்தின காலத்து ட்ராக்குகள் எல்லாம் கேள்விப்பட்ட ஊர்கள் மாதிரி. அவளுக்குத் தெரிந்த அன்ரியிடம் ஒரு விசர்ப்பழக்கம் இருந்தது. கோழிப்பண்ணையில் முதலாம் சுற்றில், சேவல் வரைந்த கல்சுவரில், நேராகப் போய் முட்டுவார். டங். பிறகு ரிவர்ஸ் எடுத்து, மற்ற இரண்டு சுற்றிலும் எல்லாரையும் விழுங்கிவிட்டு முதலாவதாக வருவார். ஒவ்வொரு நாளும் இதுதான்.

"அன்ரி, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ? இவ்வளவு பெரிய சேவல்!"

"தெரியுது. கை கேக்குதில்லை."

வயது போனால் இப்படித்தான் என்று கம்சிகா நினைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது ஆறு.

இனிக் கம்சிகாவைப் பற்றி. அவள் செய்த குழப்படிகளை எழுதினால் குட்மேய்ஸ் லைப்ரரியில் அதற்குத் தனி அலுமாரி போடவேண்டும். கடைசிக் குழப்படி பள்ளிக்கூடத்து மேல்வகுப்பில், சிக்ஸ்த் ஃபோர்மில், நடந்தது. ஒலிபெருக்கி மைக்கை எடுத்து, ஒஃபிஸ் மிஸ்ஸின் குரலிலேயே ஒரு அறிவித்தல் விட்டாள். அது மூன்றாம் தரம். முதல் இரண்டு தரமும் மன்னித்தவர்கள் மூன்றாம் தரம் மன்னிக்கவில்லை. "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மரியாதையாக எழுதிக் கொடுத்தார்கள். வேறு இடம் பார்க்காமல், கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் பிளவுஸ் மடிக்கிற வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அந்தக் கிழமையே பஸ் ஸ்டொப்பில் அன்ரியைக் கண்டாள். அன்ரி இப்போது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறார். கையில் இரண்டு மரக்கறிப் பை.

"எடி கம்சி, மைக்கிலை என்னடி சொன்னனி?"

"மீசை முளைச்ச ஆக்கள் எல்லாரும் உடனை ஒஃபிசுக்கு வாங்கோ எண்டு."

"வந்தவையோ?"

"நாப்பத்திரண்டு பேர். ரெண்டு வாத்திமாரும்."

அன்ரியின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பை விழுங்கினார். விழுங்கின சிரிப்பு இறங்கின பிறகு முகம் மாறியது.

"மூண்டாம் தரம் செய்தால் வெளியிலை விடுவினம் எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு செய்திருக்கிறாய். உன்ரை அம்மா ரெண்டு வேலை செய்யிறா, எடி. சுஜீத் எண்டால் இப்பிடிச் செய்திருக்க மாட்டான்."

வந்த பஸ் கம்சிகாவின் பஸ் இல்லை. ஆனாலும் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் அன்ரி வீட்டுப் பக்கம் போகவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எட்டு மாதம் அந்தத் தெருவால் போகாமல் இருப்பதற்குச் சுற்றிப் போகவேண்டும், கம்சிகா சுற்றிப் போனாள். அன்ரியிடமிருந்து ஃபோன் வந்தது. எடுக்கவில்லை. பிறகு அதுவும் நின்றது.

நாலாவது பதிப்பு வெளிவந்தபோது அவளுடைய பழைய மூளை திரும்பவும் வேலை செய்யத் தொடங்கியது. இந்தப் பதிப்பில் வீட்டிலிருந்தபடியே இன்னொரு வீட்டு ஆளோடு ஓடலாம். அதற்கு அந்த ஆளின் இலக்கம் தெரியவேண்டும். அன்ரி பெட்டி வாங்கின நாளிலேயே தன் பன்னிரண்டு இலக்கத்தையும் தடித்த பேனாவால் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார். அதுவும் கம்சிகாவுக்குப் பாடம்.

திட்டம் இதுதான். சுஜீத் என்ற பேரில் உள்ளே போவது. நீலக் கார் எடுப்பது. பிறகு சுஜீத்தாக இருந்துகொண்டு உலகத்தில் உள்ள அத்தனை கூடாத வேலையும் செய்வது. அழுகின தக்காளி எறிவது, எண்ணெய் ஊற்றுவது, அன்ரியை இடித்துக் குளத்துக்குள் தள்ளுவது. 'சுஜீத் எண்டால் இப்பிடிச் செய்திருக்க மாட்டானோ? நல்லாப் பாருங்கோ, என்னென்ன செய்யிறான் எண்டு.' இதற்காகப் பத்து நாள் பயிற்சி எடுத்தாள். ஐஸ் மலையில் உள்பக்கமாக ஒட்டிப் போகப் பழகினாள். தொடக்கக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் பின்னுக்கு ஓடி எல்லாரையும் பயப்படுத்துகிற தன் சொந்தப் பழக்கத்தைக் கட்டி வைத்தாள். சுஜீத்தைவிட நல்ல சுஜீத்தாகவே மாறிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணி. அன்ரி வேலை முடிந்து வந்து ஓடுகிற நேரம் அதுதான். கம்சிகா தன் அறைக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள். கோழிப்பண்ணை. அன்ரியின் மஞ்சள் கார் கோட்டில் நின்றது. பக்கத்தில் நீலக் கார் வந்து நின்றது, மேலே சுஜீ என்ற பேரோடு.

மஞ்சள் கார் அசையவில்லை. பந்தயம் தொடங்கி மூன்று செக்கன், நாலு செக்கன். பிறகுதான் கிளம்பியது.

கம்சிகாவின் கையில் தக்காளி இருந்தது. குளத்தைக் கடந்தாள், பட்டறையைக் கடந்தாள், கோழிகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர் வளைவில் அழகாகத் திரும்பினாள். பின்னால் மஞ்சள் கார் வழக்கம்போல் நேராகப் போய்ச் சேவலில் முட்டியது. டங். எறிவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. விரல் பட்டனில் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தக்காளி கையிலேயே அழுகியது, அது முதலே அழுகினதுதான் என்றாலும்.

அந்த விளையாட்டில் பேச ஏலாது. ஏற்கெனவே எழுதி வைத்த நாலைந்து வசனங்களில் ஒன்றைத்தான் அனுப்பலாம். பந்தயம் முடிந்ததும் அன்ரியிடமிருந்து வந்தது. ஹலோ. ஹலோ. ஹலோ. நல்ல ஓட்டம். ஹலோ.

இரண்டு நாள் கழித்து அம்மா தமிழ்க்கடையால் வந்து சாமான்களை அடுக்கிக்கொண்டே சொன்னா. "மெற்றில்டா அக்காவைக் கண்டனான். முகத்திலை ஒரு வெளிச்சம். பிள்ளை ஒண்டு திரும்பி வந்திட்டுது எண்டு சொல்லிச் சிரிக்கிறா. ஆரெண்டு கேட்டன், சொல்லேல்லை."

கம்சிகா வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு கூடாத வேலை செய்ய வழி இருக்கவில்லை. வராமல் விடவும் வழி இல்லை. ஒரு நாள் சுஜீத் வரவில்லை என்றால் அடுத்த நாள் மஞ்சள் கார் கோட்டில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு, பிளவுஸ் மடித்த கையோடு ஓடி வந்து, சுஜீத்தாக உட்கார்ந்தாள். ஐஸ் மலை, பேய்க்கிணறு, கப்பல் பாலம். மூன்று தரத்தில் ஒருதரம் அன்ரிக்கு விட்டுக்கொடுத்தாள். மற்ற இரண்டு தரமும் அன்ரி தானாகவே வென்றார். டிவியின் சத்தத்தை அவளும் நிறுத்தித்தான் வைத்திருந்தாள். அவள் வீட்டில் ஒருவரும் பகலில் நித்திரை கொள்வதில்லை. ஆனாலும் சத்தத்தோடு ஓடினால் அது வேறொருவருடைய ட்ராக் மாதிரி இருந்தது. சில நேரம் தன் வாயிலிருந்து "ட்ர்ர்ர்" என்று வருவதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். பழைய வேட்டி விரித்த சோபாவும், அன்ரி வீட்டு ஹீட்டரில் காய்கிற அங்கிளின் வெள்ளைத் தொப்பியும், முதலாவதாக வந்தால் பெரிய துண்டு, கடைசியாக வந்தால் கரைத்துண்டு என்று அன்ரி வெட்டித் தருகிற கேக்கும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கரைத்துண்டுதான் அவளுக்கு விருப்பம். அதற்காகவே ஆறு வயதில் எத்தனை பந்தயம் தோற்றிருக்கிறாள்.

ஐந்தாவது வாரம். வியாழக்கிழமை. கோட்டில் நின்ற மஞ்சள் காரின் பின்பக்கத்தில் ஏதோ புதிதாக இருந்தது. இந்தப் பதிப்பில் கார்களுக்கு நம்பர் பிளேட் உண்டு. விரும்பினதை எழுதலாம். அன்ரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்.

ஞாயிறு வா.

கம்சிகாவின் நீலக் கார் குளத்துக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி சமைப்பார். மேசை போடுவார். ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்ப்பார். லெஸ்டர் ஒன்றும் சந்திரன் இல்லை, ரயிலில் ஒன்றரை மணி நேரம். வரக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒருத்தன் வராமல் விட்டால், அது பதினாலு வருஷம் வராமல் விட்டதைவிட மோசம். அதைச் செய்தது சுஜீத்தாக இருக்காது. அவளாக இருக்கும்.

உண்மையான சுஜீத்தைப் பிடிக்கப் பார்த்தாள். நெட்டில் தேடினால் லெஸ்டரில் மட்டும் பத்தொன்பது சுஜீத். பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தங்களுடையதல்லாத காரில் சாய்ந்து நின்றார்கள். நாலு பேருக்கு எழுதினாள். ஒருத்தர் பதில் போட்டார். வீட்டுக்கு சோலார் பனல் வேணுமோ என்று கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எட்டு மாதத்தில் முதல் தரம், அந்தத் தெருவால் நடந்தாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். 'அன்ரி, அது நான்தான். விளையாட்டாய், பகிடிக்குத் தொடங்கினது.' பகிடி என்ற சொல் நல்லாயில்லை. 'அன்ரி, அது நான்தான். கோபத்திலை தொடங்கினது.' அதுவும் நல்லாயில்லை. மணியை அழுத்தும்போது முதல் மூன்று சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

அன்ரி கதவைத் திறந்தார். தலைமயிர் கொஞ்சம் கூட நரைத்திருந்தது.

"வா. சப்பாத்தைக் கழட்டு," என்றார், நேற்றுத்தான் வந்துபோன ஆளிடம் சொல்வதுபோல்.

அங்கிள் சோபாவில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ரிட்டயராகி மூன்று வருஷம், முழு முழிப்பு. இருந்தும் டிவி ஊமையாகத்தான் ஓடியது. மேசையில் மூன்று தட்டுகள். மூன்றாவது தட்டைக் கண்டதும் கம்சிகா உட்காராமலே சொன்னாள்.

"அன்ரி, சுஜீத் வரமாட்டார்."

"அவன் ஏன் வாறான்?" என்றார் அன்ரி. "தாடி வளத்த பெரிய மனுஷன். கலியாணமும் முடிஞ்சிருக்கும்."

"அப்ப அந்தத் தட்டு ஆருக்கு?"

"முதல்லை இதைப் பிடி. சாப்பாட்டுக்கு முதல் ஒரு சுத்து."

கையில் கொன்ட்ரோலர் வந்தது. என்ன நடக்கிறது என்று விளங்காமலே கம்சிகா இருந்தாள். கோழிப்பண்ணை. மஞ்சள் கார், பக்கத்தில் அவளுடைய பழைய சிவப்புக் கார். ஓடினார்கள். குளம், பட்டறை, கோழி, வளைவு. கம்சிகா திரும்பினாள். அன்ரி திரும்பவில்லை. டங்.

அன்ரி கொன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"உனக்கு நான் சொல்லாத கதை இது ஒண்டுதான். இந்தச் சுவர் முந்தி இல்லை," என்றார். "முதல் பதிப்பிலை இந்த இடத்திலை பலகை வேலி. அதிலை ஒரு பலகை உடைஞ்சிருக்கும். நேரா விட்டால் அதுக்குள்ளாலை பூந்து, குளத்துக்கு மேலாலை பாஞ்சு, மற்றப் பக்கம் போய் விழலாம். நாலு செக்கன் மிச்சம். அதைக் கண்டுபிடிச்சதே சுஜீத்தான். ஆறு வருஷம் எட்டுப் பேரும் அந்த ஓட்டைக்குள்ளாலைதான் போனவை. பிறகு ரெண்டாம் பதிப்பு வந்துது. கொம்பனிக்காரர் ஓட்டையை அடைச்சுக் கல்லுச்சுவர் கட்டி, எங்களுக்குப் பகிடி பண்ணச் சேவலும் கீறி வைச்சிட்டினம். முதல்நாள் எல்லாரும் முட்டினவை. சுஜீத் நாலு தரம் முட்டிப்போட்டு அழுதவன். அங்கிள் எழும்பினது அந்த ஒரு நாள்தான்."

"ஓம்," என்றார் அங்கிள், பேப்பருக்குப் பின்னாலிருந்து. "நல்ல நித்திரை."

"அந்த முதல் வீட்டிலை பழகின ஆர் வந்தாலும் முதல் சுத்திலை இதிலை முட்டும். கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. என்ரை கை இண்டைக்கும் அந்தப் பலகை வேலிக்குத்தான் போகுது. உன்ரை சுஜீ முதல் நாளே பட்டு மாதிரித் திரும்பினான். முட்டாத சுஜீத்தை நான் என்னத்துக்கு நம்புறது?"

கம்சிகாவின் காது இரண்டும் சூடாகின. ஐந்து கிழமை. பத்து நாள் பயிற்சி. உள்பக்கமாக ஒட்டிப் போன ஐஸ் மலை.

"முதல் நாளே தெரியுமோ?"

"முதல் சுத்திலை."

"பிறகேன் ஹலோ ஹலோ எண்டு அனுப்பினனீங்கள்?"

"எட்டு மாசம் கழிச்சு வாசலுக்கு வந்த பிள்ளையை, பேர் பிழை எண்டு திருப்பி அனுப்புறதோ?" அன்ரி கொன்ட்ரோலரின் வயரைச் சுற்றி அவிழ்த்தார். "பஸ் ஸ்டொப்பிலை நான் அந்தப் பெடியன்ரை பேரை இழுத்திருக்கக்கூடாது. ஃபோனிலை சொல்லுவம் எண்டால் நீ எடுக்கேல்லை. சுஜீத்தாத்தான் வருவன் எண்டால், அப்பிடியே வரட்டுக்கும் எண்டு விட்டன்."

கம்சிகா மேசையைப் பார்த்தாள். இப்போதுதான் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றியது. கொத்து ரொட்டி. கோழி போடாதது. பக்கத்தில் கேக், நாலு கரையும் தனியாக வெட்டி வைத்திருந்தது. சுஜீத்துக்குக் கோழி இல்லாமல் கொத்து இறங்காது என்று நூறு தரம் கேட்டிருக்கிறாள்.

அழாமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வாயடிப்பதுதான்.

"சரி, சுஜீத் இல்லை எண்டு தெரிஞ்சுது. அது நான் எண்டு எப்பிடித் தெரியும்? முப்பத்தாறு பேர் இருக்கிறம். ஆராவும் இருக்கலாம். சும்மா கதை விடாதேங்கோ."

"கோழி," என்றார் அன்ரி.

"என்ன கோழி?"

"ரோட்டிலை நிக்கிற பதினொரு கோழி. அடிச்சால் ஒண்டும் இல்லை, இறகு பறக்கும், திரும்பி எழும்பி ஓடும். நேரமும் மிச்சம். முப்பத்தஞ்சு பிள்ளையளும் அதுக்கு மேலாலை ஏத்திக்கொண்டுதான் போனவை. நானும்தான். நீ ஒராள்தான் நாலு வயசிலை அழுதுபோட்டு, அண்டையிலையிருந்து சுத்திப் போறனி. சுஜீ எண்ட பேரை வைச்சுக்கொண்டு, நீலக் காரிலை, ஒவ்வொரு கோழிக்கும் விலத்திக்கொண்டு போறாய். பள்ளிக்கூடத்தையே மைக்காலை கவிழ்த்த ஆள்."

"பொய். நான் விலத்திறேல்லை."

"விலத்திறாய்."

"அது வளைவுக்கு வசதி. வேணுமெண்டால் அடிச்சுக் காட்டட்டோ? பதினொண்டையும் அடிச்சுக் காட்டுறன்."

"காட்டு."

இரண்டாம் சுற்று. கம்சிகா நிமிர்ந்து இருந்தாள். சிவப்புக் கார் குளத்தைக் கடந்தது, பட்டறையைக் கடந்தது. முன்னால் ரோட்டின் குறுக்கே பதினொரு வெள்ளைக் கோழி, முட்டாள்தனமாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. வேகத்தைக் கூட்டினாள். நேராகப் பிடித்தாள். அங்கிள் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார்.

கடைசி நொடியில் பெருவிரல் தானாக இடப்பக்கம் போனது. கார் வளைந்து, புல்லுக்குள் இறங்கி, கோழிகளைச் சுற்றிக்கொண்டு போனது. திரையில் ஒரு இறகு பறக்கவில்லை.

மெற்றில்டா அன்ரி கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, வாயை முழுதாகத் திறந்து, கிசுகிசுத்துக் கத்தினார்.

"பாத்தியோ!"